விரால் குளத்துல தீனி மீன் முடியுது, ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணாமாரே. படுவான்கரைப் பக்கம் எங்கட வயலோட சின்னக் குளம் ஒண்டு வெட்டி வச்சிருக்கம், போன மாரியில விரால் குஞ்சு விட்டம், தின்னட்டும் எண்டு திலாப்பியாவும் சின்னக் கெண்டையும் சேத்து விட்டனாங்க. இப்ப கெண்டையக் காணவே இல்ல, திலாப்பியாவில பெரிசு மட்டும்தான் நிக்குது, விரால்ட வாய்க்குள்ள போகாத சைஸ். திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வச்சிக் காக்கிற மீன், அதால நல்லாப் பெருகும் எண்டு நம்பித்தான் விட்டம், ஆனா வெளிய வாற குஞ்செல்லாம் ஒதுங்க இடமில்லாம அண்டைக்கே முடியுது. கரையில தென்னோலை, கொப்பு போட்டா குஞ்சு தப்புமா, இல்லாட்டி பெரிய திலாப்பியாவ வலை போட்டு எடுத்திட்டு மறுகா சின்னன் விடணுமா? தீனி குறைஞ்சா விரால் தன்ட இனத்தையே தின்னும், அதுதான் பயமாக் கிடக்கு. செஞ்சு பாத்த ஆக்கள் சொல்லுங்க.