ஏற்காட்டுக்கு 8 பேருக்கு மதியக் கட்டுச்சோறு: சாண்ட்விச் வேண்டாம், வேற என்ன கட்டலாம்?

அஸ்தம்பட்டி வாசி கேட்டது:

வர்ற ஞாயித்துக்கிழமை சேலத்துல இருந்து ஏற்காடு. மொத்தம் 8 பேர். அதுல ரெண்டு சின்னப் பசங்க, காரமே ஆகாத பாட்டி ஒருத்தங்க. காலைல 7 மணிக்குக் கிளம்பினா, அங்கங்க நின்னு, சாப்பிட உட்கார ஒன்றரை ஆயிடும். சூடு பண்ண வழி கிடையாது. பிரெட் சாண்ட்விச் நம்ம வீட்ல யாரும் ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதில்லை, அதனால அதை யாரும் சொல்ல வேண்டாம்.

தெரிய வேண்டியது:
புளிசாதம் மதியத்துக்குள்ள விறைச்சுப் போகாம இருக்க என்ன செய்யணும்? தயிர்சாதத்துல பால் எவ்வளவு, தயிர் எவ்வளவு? பொடி இட்லி ஏன் மதியம் ரப்பராட்டம் ஆகுது? பசங்க சாம்பார் சாதம் கேக்கறாங்க, கொண்டு போகலாமா? அப்புறம் நம்ம ஊரு தட்டுவடை செட்டை (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சது) மேல போய்ப் போட முடியுமா?

அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை அடுக்களை:

முதல்ல புளிசாதம். 8 பேருக்கு மத்த அயிட்டமும் இருக்கறதால 2 டம்ளர் பச்சரிசி போதும் (200 மில்லி டம்ளர்). தண்ணி 4 டம்ளர், அதுக்கு மேல வேண்டாம். பழைய அரிசின்னா இன்னும் கால் டம்ளர்.

புளிக்காய்ச்சலை வெள்ளிக்கிழமையே பண்ணி வெச்சுடுங்க. புளி 60 கிராம், நல்லெண்ணெய் 80 மில்லி. கடுகு, கடலைப்பருப்பு, 6 வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு, கெட்டியா கரைச்ச புளியை ஊத்தி, மஞ்சள்தூள், இந்த மொத்த சாதத்துக்கும் வேண்டிய உப்பு, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் போட்டு சிறு தீயில கொதிக்க விடுங்க. பக்கத்துல எண்ணெய் தனியா பிரிஞ்சு, கரண்டியால கோடு போட்டா கோடு மூடாம நிக்கணும். அதுக்கு முன்னாடி இறக்கினா தண்ணி மிச்சமிருக்கும், அது தான் சாதத்தைக் கெடுக்கும். கடைசியா வறுத்துப் பொடிச்ச வெந்தயம் அரை ஸ்பூன், தனியா 2 ஸ்பூன், எள்ளு 1 ஸ்பூன். வெந்தயம் செவந்தா போதும், கருத்துச்சுன்னா மொத்தமும் கசக்கும்.

விறைக்கறதுக்கு வருவோம். ஆறின சாதத்துல மாவுச்சத்து இறுகறதைத் தடுக்க முடியாது, எண்ணெய் தான் ஒவ்வொரு பருக்கையையும் தனித்தனியா வெச்சு அதை வாய்க்குத் தெரியாம பண்ணும். சாதம் வெந்ததும் அகலமான தாம்பாளத்துல கொட்டி, சூடா இருக்கும்போதே 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊத்தி, முள்கரண்டியால கிளறுங்க. கரண்டியால கிளறினா பருக்கை உடைஞ்சு ஒட்டும். கை பொறுக்கற சூட்டுக்கு வந்த பிறகு தான் புளிக்காய்ச்சல். கொதிக்கக் கொதிக்கக் கலந்தா குழையும், முழுசா ஆறின பிறகு கலந்தா புளி உள்ள இறங்காது.

ஆவி அடங்கற வரைக்கும் மூடி போடாதீங்க. சூட்டோட மூடினா மூடியில வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டி மேல் சாதம் நசநசன்னு ஆகும். அந்த இடத்துல இருந்து தான் முதல்ல வாடை கிளம்பும். வறுத்த வேர்க்கடலையை தனி டப்பால வெச்சு சாப்பிடறப்போ போடுங்க. காலைலயே கலந்தா மதியம் ஊறின கடலை தான் கிடைக்கும்.

முக்கியமா, சாதத்தை ராத்திரியே வடிச்சு வெளிய வெச்சு காலைல கிளறாதீங்க. அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்து இருக்கும், சாதம் வேகறப்போ அது சாகாது. ராத்திரி பூரா வெதுவெதுப்புல கிடந்தா பெருகி நஞ்சு விடும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. புளி, எலுமிச்சை எதைக் கலந்தாலும் சாதம் அன்னிக்குக் காலைல வடிச்சதா இருக்கணும்.

டிபன்கேரியர்:

அக்கா சொன்னது சரி. தயிர்சாதத்துக்கு என் கணக்கு இது.

அரிசி ஒன்றரை டம்ளர், தண்ணி 6 டம்ளர். குக்கர்ல நல்லா குழைய விட்டு சூட்டோட மசிச்சுடுங்க. அதுல காய்ச்சி ஆறின பால் மூன்றரை டம்ளர், புளிக்காத தயிர் 4 மேசைக்கரண்டி. கலக்கறப்போ பாயசத்தை விடக் கொஞ்சம் கெட்டியா, ஊத்தினா ஓடற பதத்துல இருக்கணும். இவ்வளவு தண்ணியா இருக்கேன்னு பயந்து நிறுத்திடாதீங்க. மதியத்துக்குள்ள சாதம் பாலைக் குடிச்சு, பால் உறைஞ்சு, சரியா நிக்கும்.

பால் ஊத்தறப்போ சாதம் வெதுவெதுப்புக்கு வந்திருக்கணும். கொதிக்கற சாதத்துல தயிரைப் போட்டா உறை செத்துடும். அப்புறம் அது தயிர்சாதம் இல்லை, வெயில்ல வெச்ச பால்சோறு. அதே மாதிரி தயிரை ரொம்பக் குறைச்சு ஒரு ஸ்பூன் மட்டும் போடறதும் தப்பு. புளிப்பு சீக்கிரம் ஏறினா தான் மத்த கிருமி அடங்கும். சேலத்து வெயில்ல 5 மணி நேரத்துல புளிச்சுடும்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு: 8 மணிக்கு மேல வண்டி மலை ஏறிடுது. சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 7, 8 டிகிரி குறையும், புளிக்கற வேகமும் குறையும். வண்டி டிக்கியில வெக்காம சீட்டுக்குக் கீழ வெச்சா போதும்.

பச்சை வெங்காயம், வெள்ளரிக்காய் ரெண்டையும் உள்ள போடாதீங்க. ரெண்டும் உப்புல தண்ணி விடும். மாதுளை, துருவின இஞ்சி போடலாம். தாளிச்ச கடுகை ஆறவிட்டுத் தான் சேர்க்கணும். பாட்டிக்கு பச்சை மிளகாயே போடாத பங்கைத் தாளிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுடுங்க.

சாம்பார் சாதம் வேண்டாம்னு தான் சொல்லுவேன். பருப்பு, காய், தண்ணி மூணும் சேர்ந்து, புளிப்பும் பத்தாம இருக்கற சோறு. கட்டற சோத்துல இதை விட சீக்கிரம் ஊசிப் போறது எதுவும் இல்லை.

மலைப்பாதை:

சாம்பார் சாதத்துக்கு வழி இருக்குங்க தம்பி, ஆனா டிபன் கேரியர்ல இல்லை. வாய் அகலமான ஸ்டீல் பிளாஸ்க் வேணும். அதுல கொதிக்கற தண்ணி ஊத்தி 10 நிமிஷம் மூடி வெச்சு, கொட்டிட்டு, அடுப்புல தளதளன்னு கொதிக்கற சாம்பார் சாதத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பி உடனே மூடணும். பாதி பிளாஸ்க் நிரப்பினா சீக்கிரம் ஆறிடும். திறக்கறப்போ ஆவி பறக்கணும். வெதுவெதுன்னு இருந்தா பசங்களுக்குக் குடுக்காதீங்க. சாதம் கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டும், உள்ளயே இறுகும்.

மோர் கொண்டு போறவங்க பாட்டில்ல முக்கால் தான் ஊத்தணும். மேல போகப் போகக் காத்தழுத்தம் குறையும், மோரும் புளிச்சு காத்து விடும். ரெண்டும் சேர்ந்து மூடியைத் திறந்ததும் மூஞ்சில அடிக்கும். சிப்ஸ் பாக்கெட் தலகாணி மாதிரி உப்பிக்கறதும் காத்தழுத்தம் குறையறதால தான், கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க.

இன்னொண்ணு. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி பசங்களுக்குப் பூரி, பொங்கல் வேண்டாம். 2 இட்லி போதும். காஞ்ச உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு வாயில அடக்கிக்கக் குடுங்க.

குரங்கு: கவர் சத்தம் கேட்டாலே வந்துடும். மலைப்பாதை ஓரத்துல வண்டியை நிறுத்தி டப்பாவைப் பிரிக்கறது வம்பு. மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு கொண்டு போங்க. ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1ல இருந்து தடை. இலையைக் கூட அங்க போட்டுட்டு வராம ஒரு துணிப்பையில கட்டிக் கீழ கொண்டு வந்துடுங்க.

அம்மாபேட்டை செட்டுக்கடை ரசிகை:

தட்டுவடை செட் பத்தி யாரும் சொல்லலையே! தாராளமா போடலாம். சூடு வேண்டாத அயிட்டம், போட்ட நிமிஷமே வாய்க்குப் போகணும், சுத்துலாவுக்கு இதை விட வேற என்ன வேணும்?

தனித்தனியா 4 டப்பா:

தட்டுவடை, ஆளுக்கு 8 வீதம் 64. ரெண்டு சேர்ந்தா ஒரு செட்டு. கடையில வாங்கினா சின்னதா, ஒரே வாயில போற அளவு பாத்து வாங்குங்க. வீட்ல சுடறதா இருந்தா அரிசி மாவு 2 டம்ளர், வறுத்து அரைச்ச உளுந்து மாவு 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 2, வெண்ணெய் ஒன்றரை, அரை மணி ஊறின கடலைப்பருப்பு 2, மிளகாய்த்தூள், எள்ளு, பெருங்காயம், உப்பு. ஊறின பருப்பைத் துணியில ஒத்தி ஈரத்தை எடுக்கலைன்னா எண்ணெய்ல வெடிக்கும். தட்டின பிறகு முள்கரண்டியால நாலு இடத்துல குத்துங்க, இல்லைன்னா பூரியாட்டம் உப்பும், செட்டு அடுக்கவே வராது. நடுத்தர தீ. எண்ணெய்ல சலசலப்பு முழுசா அடங்கினா தான் எடுக்கணும். நிறம் வந்துடுச்சேன்னு எடுத்தா நடுவுல ஈரம் நிக்கும், மறுநாள் நமுத்துடும்.

காய்: கேரட் 3, பீட்ரூட் 1, பெரிய வெங்காயம் 3. மூணையும் தனித்தனியா வைங்க. பீட்ரூட் பட்டா எல்லாம் சிவந்துடும். உப்பு போடவே கூடாது. துருவினதை வெள்ளைத் துணியில சுத்தி டப்பால வெச்சா, விடற தண்ணியைத் துணி குடிச்சுக்கும். வெங்காயத்தை மேல போய் நறுக்கறது இன்னும் நல்லது, ஒரு கத்தி, ஒரு பலகை தானே.

பச்சைச் சட்னி: புதினா ஒரு கட்டு, மல்லி அரைக் கட்டு, பச்சை மிளகாய் 4, இஞ்சி சின்னத் துண்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு. தண்ணி 2 ஸ்பூன் தாண்டக் கூடாது. தேங்காய் சேர்த்தீங்கன்னா மதியம் நூல் விடும், சத்தியமா சேர்க்காதீங்க. இந்த டப்பாவை ராத்திரி பிரீசர்ல உறைய வெச்ச தண்ணி பாட்டிலோட ஒட்டி வெச்சு ஈரத்துணி சுத்திடுங்க. மதியம் அந்தத் தண்ணி குடிக்கவும் ஆகும்.

சிவப்புச் சட்னி: வரமிளகாய் 15 சுடுதண்ணில ஊறினது, பூண்டு 10 பல், கோலிகுண்டு அளவு புளி, உப்பு. அரைச்சு 2 மேசைக்கரண்டி எண்ணெய்ல பச்சை வாடை போய் எண்ணெய் கக்கற வரைக்கும் வதக்குங்க.

அடுக்கறது எல்லாருக்கும் தெரியும்: கீழ் வடையில சிவப்பு, மேல காய், அதுக்கு மேல பச்சை, மூடி வடை. பாட்டிக்கு சிவப்பு வேண்டாம். ஆளாளுக்குத் தட்டுல போட்டுக் குடுங்க. மொத்தமா 32 செட்டையும் அடுக்கி வெச்சா கடைசி 10 செட்டு ஊறித் தொங்கும்.

அஸ்தம்பட்டி வாசி:

எல்லாருக்கும் நன்றிங்க. செட்டு முடிவாயிடுச்சு, சாம்பார் சாதம் பிளாஸ்க்ல. பொடி இட்லிக்கு மட்டும் பதில் வரலை. ஜவ்வரிசி உப்புமாவும் சேத்துக்கலாமான்னு வீட்ல கேக்கறாங்க.

செவ்வாய்ப்பேட்டை அடுக்களை:

ஜவ்வரிசி நம்ம ஊருச் சரக்கு தான், அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. அது சூட்டோட சாப்பிட்டா தான் ருசி. ஆறினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பந்தாயிடும், எண்ணெய் எவ்வளவு ஊத்தினாலும் சரி. வீட்லயே காலை டிபனுக்கு வெச்சுக்கோங்க.

பொடி இட்லி ரப்பராகறதுக்குப் பெரும்பாலும் மாவு தான் காரணம். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், அதோட அரை டம்ளர் அவல் ஊறப்போட்டு அரிசி கூட அரைங்க. அவல் போட்ட இட்லி ஆறினாலும் மெத்துன்னு இருக்கும். வேகறது 10 நிமிஷம், அதிகபட்சம் 12. ஒரு ஈர்க்குச்சி குத்திப் பாத்து ஒட்டலைன்னா உடனே இறக்கிடுங்க. கூட 5 நிமிஷம் கிடந்தா தோல் தடிச்சுப் போகும்.

24 இட்லிக்கு மிளகாய்ப்பொடி 8 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 120 மில்லி. பொடியை எண்ணெய்ல குழைச்சு, இட்லி வெதுவெதுப்பா இருக்கறப்போ ரெண்டு பக்கமும், ஓரமும் தடவுங்க. ஓரத்தை நிறைய பேர் விட்டுடறாங்க, காய ஆரம்பிக்கறதே அங்க தான். பாட்டிக்கு 4 இட்லிக்கு மிளகாய் இல்லாம எள்ளு, உளுந்து, உப்பு மட்டும் வறுத்துப் பொடிச்சது.

வாழை இலையில கட்டினா இலையை முதல்ல தணல்ல காட்டுங்க. மங்கலா இருக்கற இலை சூடு பட்ட இடத்துல பளபளன்னு எண்ணெய் தடவினாப்ல மாறிக்கிட்டே போகும். முழு இலையும் அப்படி ஆன பிறகு மடிச்சா கிழியாது. தண்டை மட்டும் பின்பக்கம் கத்தியால சீவிடுங்க. இலை பளபளக்கற பக்கம் உள்ள, மேல ஒரு பேப்பர், வாழைநார் கட்டு. ஒரு கட்டுல 3 இட்லிக்கு மேல வேண்டாம், அடியில இருக்கறது நசுங்கும்.

டிபன்கேரியர்:

அவிச்ச முட்டை கொண்டு போறதா இருந்தா உரிக்காம கொண்டு போங்க. உரிச்சு டப்பால அடைச்சா வண்டி பூரா நாறும். 11 நிமிஷம் கொதிக்க விட்டு உடனே பச்சைத் தண்ணில போட்டா மஞ்சள் கருவைச் சுத்திப் பச்சை வளையம் வராது. ஓடு விரிசல் விட்டதைக் காலைலயே சாப்பிட்டுடுங்க. மிளகு ஏற்காட்டுலயே வாங்கிக்கலாம், உப்பு மட்டும் காகிதத்துல மடிச்சு எடுத்துக்கோங்க. அதைத் தான் எல்லாரும் மறக்கறது.