இரண்டு மில், நிட்டிங், கார்மென்ட்ஸ்: டோகாஃப் முழுதாகச் செய்ய வேண்டுமா?

சூலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு ஜவுளிக் குழுமத்தில் ஐடி பார்க்கிறேன். இரண்டு ஸ்பின்னிங் மில், திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட், ஒரு கார்மென்ட்ஸ். என்னோடு ஐந்து பேர் இருக்கிறார்கள். மில்லில் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் ஓடுகிறது. கணக்கு டேலியில், நிட்டிங் எக்செல்லில், கார்மென்ட்ஸில் வேறொரு ஈஆர்பி (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்). அடுத்த வருஷம் எல்லாவற்றையும் ஒரே ஈஆர்பிக்குக் கொண்டுபோக முதலாளி முடிவு செய்துவிட்டார்.

அதற்கு முன்னால் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், அதாவது வேலை, தகவல், மென்பொருள், கருவி எல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்று மொத்த நிறுவனத்துக்கும் வரைந்து திட்டமிடுவது, செய்தே ஆக வேண்டும் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். அதற்கான வழிமுறைத் தொகுப்பான டோகாஃப் முறைப்படி ஒரு கட்டம் விடாமல், எல்லா யூனிட்டுக்கும் இன்று இருக்கும் நிலை ஒரு வரைபடம், வர வேண்டிய நிலை ஒரு வரைபடம் என்று பதினான்கு மாதத் திட்டம் கொடுத்திருக்கிறார். நானும் ஒரு மாதமாக இரவில் உட்கார்ந்து டோகாஃப் படிக்கிறேன். விஷயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் படம் வரைந்தால் அன்றாட வேலையை யார் பார்ப்பது? இதை நம் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ள முடியுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஈரோட்டு எக்செல்:

இந்த அளவு கம்பெனிக்கு ஃபிரேம்வொர்க்கே வேண்டாம் என்பேன். ஈஆர்பி போடுகிறவனே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வான். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு ஆள் எடுங்கள்.

கோன் வைண்டிங்:

ஈரோட்டுக்காரர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஈஆர்பி போட வருகிறவர் தன் சாஃப்ட்வேரில் உள்ள திரைகளை நிரப்பத் தேவையானதைத்தான் கேட்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அவருடைய வேலை அது. ஆனால் அவர் கேட்காத இடத்தில்தான் நம் பிரச்சினை உட்கார்ந்திருக்கும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் மில் ஐடியில் இருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் உங்களுடையது மாதிரியே அமைப்பு. 2016 ஆகஸ்டில் ஆரம்பித்து, எல்லா யூனிட்டுக்கும் இன்றைய நிலையை வரைந்தோம். பதினொரு மாதம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. பில் போடும் முறை, யூனிட் விட்டு யூனிட் சரக்கு போகும் முறை, ஜாப் ஒர்க் (சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) கணக்கு எல்லாமே மாறின. வரைந்ததில் பாதி அன்றைக்கே பழசாகிப் போனது. வரைந்ததெல்லாம் மூன்று ஃபைலாக இன்னும் அங்கே அலமாரியில் இருக்கிறது. அதைத் தயாரிக்க அத்தனை பேரும் ராத்திரி பகலாக உழைத்தோம், அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அப்புறம்தான் புத்தகத்தை மறுபடி ஒழுங்காகப் படித்தேன். டோகாஃப் வானத்திலிருந்து குதித்ததில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த ஒரு தொழில்நுட்பக் கட்டமைப்பை அடிப்படையாக வைத்து ஓப்பன் குரூப் என்ற அமைப்பு 1995இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. 2022இல் பத்தாவது பதிப்பு வந்தது. அதன் ஏடிஎம் (ஆர்க்கிடெக்சரை உருவாக்கும் படிமுறை) சக்கரத்தில் ஏ-விலிருந்து ஹெச் வரை எட்டுக் கட்டம், அதற்கு முன்னால் ஒரு பூர்வாங்கக் கட்டம். அந்தப் பூர்வாங்கக் கட்டத்திலேயே, உங்கள் நிறுவனத்துக்கு ஏற்றபடி முறையை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எவ்வளவு காலம் என்று எல்லையை நாம்தான் வைக்க வேண்டும். முழுதாகச் செய்தால்தான் டோகாஃப் என்று அதில் எங்கேயும் இல்லை. உங்கள் கன்சல்டன்டிடம் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

இரண்டாம் தடவை நாங்கள் ஒரே ஒரு லாட் எண்ணை, அதாவது ஒரே பஞ்சுக் கலவையில் ஓடிய நூலுக்கு மில் கொடுக்கும் எண்ணை, பின்தொடர்ந்தோம். ஏன் லாட் எண் என்றால், அந்த வருஷம் நேவி புளூவில் பெரிய ஆர்டர் ஒன்று துணியில் கோடு விழுந்து நின்றுபோனது. திருப்பூரில் இருப்பவர்களுக்கு இது தெரியும். இரண்டு லாட் நூலை ஒரே மெஷினில் ஏற்றினால் கிரே துணியில் (சாயம் ஏறாத துணியில்) ஒன்றும் தெரியாது, சாயம் ஏறிய பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும். நிட்டிங்காரர் மில்லைச் சொன்னார், மில் நிட்டிங்கைச் சொன்னது. யார் மேல் தப்பு என்று காட்ட எந்த சிஸ்டத்திலும் ஒரு வரி இல்லை.

அதனால் 40ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூலில் ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு கால்நடையாகப் போனோம். மில்லில் எந்த பேல்களை மிக்சிங் போட்டார்கள் என்பதில் லாட் பிறக்கிறது. சாஃப்ட்வேரில் எண் ஏறுகிறது. நூல் சுற்றிய கோனில் டிப் கலர் (முனையில் ஒரு நிறம்) வைத்துப் பிரிக்கிறார்கள். மூட்டையில் மார்க்கரால் எழுதுகிறார்கள். சரி, இதுவரை பழுதில்லை. மில்லிலிருந்து நிட்டிங்குக்குப் போகும் டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலானில்) கவுண்ட் (நூலின் பருமன் எண்) இருக்கிறது, மூட்டை எண்ணிக்கை இருக்கிறது, கிலோ இருக்கிறது, லாட் இல்லை. அந்த டிசி அச்சாகும் வடிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

நிட்டிங் குடோனில் ஸ்டோர் கீப்பர் ஒருவர் இருந்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு லாரி வரும்போதும் மூட்டையில் மார்க்கரால் எழுதியிருப்பதைப் பார்த்து, சிவப்பு மையில் லாட் எண்ணை எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தில் எந்த மெஷினுக்கு ஏற்றினார்கள் என்பதும் இருக்கிறது. யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. அவர் லீவில் போன நான்கு நாள் மட்டும் அந்த நோட்டில் காலியாக இருந்தது. கோடு விழுந்த துணி அந்த நான்கு நாளில் ஓடியது.

எங்கள் முதல் பதினொரு மாத வரைபடத்தில் நாற்பத்தேழு சிஸ்டம் இருந்தன. அந்த நோட்டு அதில் இல்லை.

இங்கேதான் ஃபிரேம்வொர்க் கை கொடுத்தது என்று முழு மனதோடு சொல்வேன். அது இல்லாமல் போயிருந்தால் "டிசியில் ஒரு கட்டம் சேர்" என்று முடித்திருப்போம். டோகாஃப் அடுக்கடுக்காகக் கேட்கச் சொல்கிறது. வேலையில் யார் என்ன செய்கிறார், எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, எந்த மென்பொருள் அதைத் தொடுகிறது, கீழே என்ன கருவி, என்ன இணைப்பு. நான்கு அடுக்கையும் ஒரு லாட்டுக்கு மட்டும் செங்குத்தாக வெட்டிப் பார்த்தோம். கடைசி அடுக்குக்கு வந்தபோதுதான் நிட்டிங் குடோனில் நெட் வராது என்பதே பேச்சுக்கு வந்தது. மேலே எத்தனை திரை போட்டாலும் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து பதிவு செய்திருக்க முடியாது. மொத்தம் ஏழு வாரம் ஆனது.

எதை வரையாவிட்டாலும் ஒரு அட்டவணையை மட்டும் விடாதீர்கள். இடது பக்கம் தகவல்: லாட், கவுண்ட், பார்ட்டி (நாம் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்), ஐட்டம். மேலே சிஸ்டங்கள், நோட்டையும் சேர்த்து. கட்டத்துக்குள் உருவாக்குகிறது, மாற்றுகிறது, படிக்க மட்டும் செய்கிறது என்று மூன்றில் ஒன்று. ஒரே வரியில் இரண்டு இடத்தில் "உருவாக்குகிறது" வந்தால் அங்கே சண்டை இருக்கிறது. எங்களுக்கு பார்ட்டி வரியில் மூன்று வந்தது. ஒரே சாயப்பட்டறை நான்கு பெயரில் இருந்தது. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பியாக வேண்டும், ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும். நான்கு பெயரில் இருந்தால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஃபோர்ட் ஏரியா:

கோன் வைண்டிங் சொன்னதில் பெரும்பகுதிக்கு ஆமாம் போடுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. நான் அரசு சார்ந்த திட்டங்களில் வேலை செய்கிறவன். ஒவ்வொரு துறையும் தன் வலிக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டே போனதால்தான் ஒரே குடிமகன் ஒரே சான்றிதழை ஐந்து இடத்தில் கொடுக்க வேண்டி வந்தது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் இந்தியா என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு கட்டமைப்பைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த கவலையும் இதுதான்: அரசை ஒரே நிறுவனமாகப் பார்ப்பது.

ஆகவே ஒரு லாட்டைப் பிடித்துப் போங்கள், சரி. ஆனால் ஈஆர்பிக்கு டெண்டர் விடும் முன்பு, எல்லா யூனிட்டுக்கும் பொதுவான ஐந்தாறு கொள்கைகளையாவது எழுதிவிடுங்கள். எதை விட்டுவிட்டோம் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். வெட்டித் தைக்கும்போது வெட்டிய துண்டு எங்கே என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று, சக்மன் அட்டவணையையும் ஒரு தடவை பாருங்கள். ஐபிஎம்மில் இருந்த ஜான் சக்மன் 1987இல் எழுதியது. முதலில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகள்தான். 1992இல் யார், எப்போது, ஏன் மூன்றும் சேர்ந்தன. அது வேலை செய்யும் முறையைச் சொல்லாது, எதைக் கேட்க மறந்தோம் என்பதைக் காட்டும். அந்த ஸ்டோர் கீப்பர் "யார்" என்ற பத்தியில் வருகிறவர்.

சூலூர்க்காரன்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று மத்தியானம் எங்கள் டிசியை எடுத்துப் பார்த்தேன். எங்களுடையதிலும் லாட் இல்லை. கை நடுங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

ஒரு சந்தேகம். அட்டவணையில் சண்டை தெரிகிறது, சரி. அதைத் தீர்ப்பது யார்? மில் மேனேஜர் முதலாளியோடு முப்பது வருஷமாக இருக்கிறவர். நான் போய் "இனிமேல் இந்த எண்ணை நீங்கள் போடக் கூடாது" என்றால் கேட்பாரா?

கோன் வைண்டிங்:

கேட்க மாட்டார். கேட்கவும் கூடாது, அது உங்கள் அதிகாரம் இல்லையே. டோகாஃப்பில் ஆர்க்கிடெக்சர் போர்டு என்று முடிவெடுக்கும் குழு ஒன்று வருகிறது. பல பேர் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். என் அனுபவத்தில் மொத்தப் புத்தகத்திலும் அதுதான் உயிர். எங்களுடையதில் மூன்று பேர்: மில் மேனேஜர், கணக்குத் தலைவர், கார்மென்ட்ஸில் மெர்ச்சண்டைசிங் பார்க்கும் மேடம். ஐடி கூட்டத்தைக் கூட்டும், எழுதும், முடிவு சொல்லாது. மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம். முதலாளி ஒரே ஒரு தடவை வந்து, இவர்கள் மூன்று பேர் சொல்வதுதான் முடிவு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது.

முதல் முடிவு எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "லாட் எண் மில்லில் மட்டுமே உருவாகும். மற்ற யூனிட்டுகள் அதை அப்படியே கொண்டுசெல்லும், புது எண் இடாது. டிசியில் லாட் இல்லாத நூலை நிட்டிங் குடோன் இறக்காது." கீழே தேதி, ஏன் என்று இரண்டு வரி, மூன்று கையெழுத்து. அதில் மில் மேனேஜர் தன் கையால் ஒன்று சேர்த்தார்: ராத்திரி ஷிப்டில் டிசி போடுகிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

ஃபோர்ட் ஏரியா சொன்ன விட்டவை பட்டியல் நல்ல யோசனை, நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் நூல் மீட்பு கணக்கு (போட்ட பஞ்சுக்கு எவ்வளவு நூல் கிடைத்தது என்பது) இரண்டு வருஷம் தொங்கியிருக்காது.

கன்சல்டன்டை அனுப்பிவிடாதீர்கள். பதினான்கு மாதத்துக்குப் பதில், ஒரு லாட்டை முதலிலிருந்து பெட்டி பேக்கிங் வரைக்கும் எட்டு வாரத்தில் வெட்டிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அவர் ஆள் சரியானவர்.

சூலூர்க்காரன்:

கேட்டேன். "குடோனுக்கு எப்போது போகலாம்" என்றுதான் திருப்பிக் கேட்டார். வியாழக்கிழமை காலை ஏழு மணி லாரிக்கு இரண்டு பேரும் நிட்டிங் குடோனில் இருப்போம். எங்கள் ஸ்டோர் கீப்பரிடமும் ஏதாவது நோட்டு இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.