புதுப்பிப்பு: அக்ரிலிக் மீன்தொட்டியின் ஒழுக்கு நின்றுவிட்டது

கிளிநொச்சியில் நானே கட்டிய அக்ரிலிக் தொட்டியின் முன்பக்க அடிமூட்டு ஒழுகுவதாகவும், பூசிய சிலிக்கன் உரிந்து வருவதாகவும் இங்கே கேட்டிருந்தேன். மறுமொழி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சிலிக்கன் அக்ரிலிக்கை உறுதியாகப் பற்றாது என்றும், மெல்லிய கம்பிகளைப் பலகைகளுக்கு இடையில் வைத்து, அக்ரிலிக்கை இளக்கி ஒன்றாக்கும் கரைப்பானால் ஒட்டவேண்டும் என்றும் ஒருவர் கூறியதே பலன் தந்தது. முன்பலகையை அறுத்தெடுத்து, விளிம்பைச் சீராக இழைத்து, கம்பிகளின்மேல் நிறுத்தி, டைக்குளோரோமீதேன் என்ற கரைப்பானை ஊசிக்குழலால் விட்டபோது, அது இடுக்கு நெடுகத் தானாகவே ஓடிப் பரவியது. அரை நிமிடத்தில் கம்பிகளை உருவினேன். குமிழி ஒன்றுகூட இல்லை. அதன் ஆவி நஞ்சு என்பதால் வேலையை முற்றத்து மாநிழலில் செய்தேன்.

எதிர்பாராதது ஒன்று: மழை விட்ட மாலையில் ஒட்டிய சோதனைத் துண்டுகள் பால்போல் வெளுத்துவிட்டன. கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிவதே காரணம். ஆகவே மாரி காலத்தில் வெயிலேறிய, உலர்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

தொட்டியின் உள்ளளவு 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். நிறைந்தால் நீர் மட்டுமே ஏறத்தாழ 566 கிலோ. அந்தப் பாரம் திருகாணிகளில் தொங்காமல் முதிரை மரக் கால்களின் தலையிலேயே நேராக இறங்கவேண்டும் என்ற தச்சரின் அறிவுரைப்படி தொட்டி நிற்கும் மரச்சட்டத்தையும் மாற்றினேன். அடித்தளம் முழுவதும் பிளைவூட்டில் படிந்திருக்கிறது. நீர் நிரப்பி மூன்று வாரமாகியும் மூட்டு உலர்ந்தே உள்ளது.