மறு: திரும்பவும் புடைத்த சிரையை உள்ளிருந்து சுடுவதற்கு என்ன சொல்?

அண்ணாச்சிமாரே, துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். வெரிகோஸுக்கு (காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரை புடைத்துச் சுருளும் நோய்) ஒருமுறை அறுவை முடிந்து, காலில் மறுபடி புடைத்தவர்களுக்கானது. சிரைக்குள் மெல்லிய குழாயை விட்டு, ரேடியோ அலையால் 7 செ.மீ. நீளத்தை 20 நொடி 120 டிகிரியில் சூடாக்கினால் சுவர் சுருங்கி மூடிக்கொள்ளும். இதற்கு 'வெப்ப நீக்கம்' சரிதானா?
— பாளையங்கோட்டை

சரியில்லை. வெப்பத்தால் நீக்கமா, வெப்பத்தை நீக்கமா? தொகையில் உருபு மறைந்துவிட்டதே. காய்ச்சல் மாத்திரை போலல்லவா இருக்கிறது! சிரையை யாரும் நீக்கவும் இல்லை, உள்ளேயே வடுவாகிறது. 'வாளால் அறுத்துச் சுடினும்' என்றார் குலசேகராழ்வார். உங்கள் நோயாளிகளுக்கும் அதே வரிசைதான். 'சிரைச்சுடுகை' என்க.
— அம்பாசமுத்திரம்

சிரை வடசொல். ஊரில் சிரைப்பது என்றால் சவரம். பரோட்டா மாஸ்டர் 'நரம்பு சுருட்டிக்கிட்டு' என்றுதானே சொல்கிறார்? தொல்காப்பியத்திலேயே 'நரம்பின் மறை' உண்டு. நாள் முழுக்க நிற்கும் கடைப் பெண்கள் உட்கார வசதி தரச் சொல்லி 2021-இல் சட்டம் திருத்தினார்களே, 'இருக்கை' என்ற பழஞ்சொல் போதவில்லையா? 'நரம்புச்சூடு' போடுங்கள்.
— தென்காசி

ஐயா, தொல்காப்பியத்தில் வருவது யாழ் நரம்பு. முழங்காலுக்குக் கீழே சிரையை ஒட்டி உணர்வு நரம்பு ஓடுகிறது. சூடு பட்டால் மரத்துப்போகலாம். அதனால்தான் மரப்பு மருந்து கலந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றி ஊசியால் ஏற்றுகிறோம். இரண்டையும் நரம்பு என்றால் 'நரம்பைச் சுடுகையில் நரம்பு சுடப்படலாம்' என்று எழுதித்தான் கையெழுத்து வாங்கணும். மறுபடி வந்ததைக் குறிக்க 'மீள்' வேண்டாம், குணமானதாக நினைப்பார்கள். 'சூட்டடைப்பு' என்றால் மாரடைப்பு நினைவு வந்து எழுந்து போய்விடுவார்கள். இன்னொன்று: அறுத்த இடத்தில் புதிதாக முளைக்கும் சிரைகள் பெரும்பாலும் வளைந்து நெளிந்திருக்கும், குழாய் நுழையாது. நேராக மிஞ்சிய பகுதிக்குத்தான் சூடு; மற்றதற்கு, மருந்தை நுரையாக்கி ஏற்றும் நுரை ஊசி. அதையும் எழுதுங்கள், சொல் எதுவானாலும்.
— செவிலியர் வகுப்பிலிருந்து

அப்படியானால் 'சூட்டால் சிரை மூடல்'. உருபு தெரியட்டும், சண்டை வேண்டாம்.
— அம்பாசமுத்திரம்

சொல்லாக இல்லை, வாக்கியமாக இருக்கிறது. ஆனாலும் புரிகிறது. பக்கத்தில் 'வெரிகோஸ்' என்றும் போட்டு அனுப்புகிறேன்.
— பாளையங்கோட்டை

என் மறுப்பைப் பதிவு செய்க. இரத்தக் குழாய்க்குச் சொல்லும் 'நாளம்' தமிழா என்று நாளை தனி இழை தொடங்குகிறேன்.
— தென்காசி