எட்டு மாதம் கழித்து சிசிடிவி சான்றிதழ் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

பெயின்ட்கடை

வணக்கம். திண்டுக்கல் பக்கம் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் கடைக்கு எதிரே நின்ற ஒரு பைக் திருடு போனது. என் கடை கேமராவில் பதிவாகியிருந்தது. மறுநாள் ஸ்டேஷனில் இருந்து ஏட்டு ஒருவரும், கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவனும் வந்தார்கள். பையன் கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரில் இரவு 9.10 முதல் 9.30 வரை வெட்டி எடுத்தான். ஏற்றிக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை. கல்லாவில் கிடந்த என் பென்டிரைவைக் கொடுத்தேன். அதில் மகள் கல்யாண போட்டோக்கள் இருந்தன, அவசரத்தில் ஞாபகம் வரவில்லை. பழைய கவர் ஒன்றில் போட்டு எடுத்துப் போனார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை.

இப்போது கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது. ஒரு பாரம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். சான்றிதழ், பகுதி அ. அதில் ஹேஷ் மதிப்பு என்று 64 எழுத்தும் எண்ணுமாக ஏற்கனவே டைப் அடித்திருக்கிறது. டிவிஆரில் அந்த நாள் பதிவு இப்போது இல்லை, 15 நாளில் தானாக அழிந்துவிடும். போடலாமா?

கருப்புக்கோட்டு

போடாதீர்கள். நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்பவன், பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. அதையும் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

உங்களிடம் கேட்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் 63வது பிரிவுச் சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்ததன் வாரிசு. பழையதில் ஒருவர் கையெழுத்துப் போதும். இப்போது பகுதி அ கருவியைக் கையில் வைத்திருப்பவருக்கு, பகுதி ஆ நிபுணருக்கு. ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான குறியீடும், எழுத வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அந்த 64 எழுத்தை யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரில் எடுத்தார்கள்? உங்கள் கண் முன்னால் எடுத்தார்களா? இல்லை என்றால், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பொய்ச் சான்றிதழில் கையெழுத்திடுவதும் குற்றம்.

ரிட்டயர்டு_எஸ்ஐ

வக்கீல் சார் ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் தம்பி, பயப்பட வேண்டாம்.

31 வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்கிறேன். 63வது பிரிவிலேயே, கையெழுத்திடுபவர் தன் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை சொன்னால் போதும் என்று இருக்கிறது. வக்கீல் சார் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். சான்றிதழ் தாமதமாக வந்தாலும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லியாகிவிட்டது. திருட்டு நடந்தது உண்மை, உங்கள் கேமரா பார்த்தது உண்மை. இதில் எங்கே பொய்?

கருப்புக்கோட்டு

ஐயா, அர்ஜுன் பண்டித்ராவைப் பாதி மட்டும் படிக்காதீர்கள். அது ஜால்னா தேர்தல் வழக்கு. வேட்புமனு மூன்று மணிக்குள் கொடுக்கப்பட்டதா என்பது பிரச்சினை. தேர்தல் அலுவலக வீடியோவுக்குச் சான்றிதழ் கேட்டு வழக்குப் போட்டவர் திரும்பத் திரும்ப எழுதினார், அதிகாரிகள் தரவில்லை. தன்னால் ஆனதை எல்லாம் செய்தவரைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் சான்றிதழ் கட்டாயம் என்று 2014 அன்வர் வழக்கில் சொன்னதை உறுதியும் செய்தது. 2018இல் இரண்டு நீதிபதிகள் கொஞ்சம் தளர்த்தியதையும் செல்லாது என்றது. அதாவது தாமதத்துக்கு இடம் உண்டு. எட்டு மாதம் பென்டிரைவ் எந்த அலமாரியில் கிடந்தது என்று தெரியாததற்கு இடம் இல்லை.

ரிட்டயர்டு_எஸ்ஐ

அலமாரி இல்லை, ரைட்டர் மேஜை டிராயர். நானே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ஸ்டேஷனில் எத்தனை கேஸ் என்று உங்களுக்குத் தெரியாதா? பென்டிரைவில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற பெட்டியை நான் பயிற்சி வகுப்பில் ஒரு தடவை பார்த்தேன், அதுவும் திரையில். கேமரா பதிவை எடுத்து வந்தால் எப்படி எடுத்தாய் என்று குறுக்கு விசாரணை. எடுத்து வராவிட்டால்? வாரணாசி ஓட்டல் கொலை வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓட்டலில் சிசிடிவி இருந்தும் அரசுத் தரப்பு தாக்கல் செய்யவில்லை என்பதும் ஒரு காரணமாக, 2015இல் இத்தாலிக்காரர்கள் இரண்டு பேரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. எடுத்தாலும் அடி, எடுக்காவிட்டாலும் அடி.

கோகுல்ராஜ் கொலை வழக்கையும் பாருங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமரா இல்லாமல் இருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும்? கோயிலில் அவரோடு இருந்த பெண் பிறழ்சாட்சி ஆன பிறகும் கேமரா பேசியது. உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்குப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் 2023இல் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

கருப்புக்கோட்டு

நல்ல உதாரணம், நன்றி ஐயா. மேல்முறையீட்டில் எதிர்த் தரப்பு எதை விடாமல் உடைக்கப் பார்த்தது? அந்தப் பதிவைத்தானே. உடையாமல் நின்றதால் தண்டனையும் நின்றது. நான் கேட்பதும் அந்த உறுதியைத்தான்.

உங்களுக்கு ஒரு உதாரணம் இருந்தால் எனக்கும் ஒன்று உண்டு. சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரண வழக்கு, 2020. ஸ்டேஷன் கேமராவின் ஹார்டு டிஸ்க் 1 டெராபைட், இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். போலீஸ் கையில் இருக்கும் பதிவை வெறும் நம்பிக்கையில் ஏற்றுக்கொள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

ரிட்டயர்டு_எஸ்ஐ

அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது வேறு. ஒரு பைக் திருட்டில் அதைக் கொண்டுவந்து வைப்பது நியாயமில்லை.

கோவை_கோடர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹேஷ் ஹேஷ் என்கிறீர்களே, ஹேஷ் எடுக்கும் முறைகளில் ஒன்றான எம்டி5 உடைந்து இருபது வருஷம் ஆகிறது. எஸ்எச்ஏ-1ஐயும் 2017இல் உடைத்தார்கள். அந்தப் பாரத்தில் இன்னும் இரண்டும் இருக்கின்றன. இதெல்லாம் கோர்ட்டில் வெறும் சடங்குதானே?

ஹெக்ஸ்_எடிட்டர்

தனியார் தடயவியல் லேபில் வேலை. கோடர் தம்பி சொன்னதில் பாதி சரி. 2004இல் சீன ஆய்வாளர்கள் எம்டி5இலும், 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் எஸ்எச்ஏ-1இலும் செய்து காட்டியது என்ன? ஒரே ஹேஷ் வரும் இரண்டு கோப்புகளைத் தாங்களே தயாரித்தார்கள். ஏற்கனவே இருக்கும் ஒரு வீடியோவுக்கு, அதே ஹேஷ் வரும் வேறு வீடியோ செய்வது வேறு வேலை. அது இன்னும் யாராலும் நடைமுறையில் முடியவில்லை. கடைக்காரரிடம் இருப்பது 64 எழுத்து என்றால் பெரும்பாலும் எஸ்எச்ஏ-256, அதில் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில். ஹேஷ் என்பது அரக்கு முத்திரை மாதிரி. முத்திரை வைத்த நேரத்துக்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அதற்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது. ஆவணியில் எடுத்த வீடியோவுக்குச் சித்திரையில் முத்திரை வைத்தால், நடுவில் உள்ள எட்டு மாதத்துக்கு அது சாட்சி இல்லை.

இன்னொன்று. அந்தப் பென்டிரைவை ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் சும்மா செருகிப் பார்த்திருந்தாலே விண்டோஸ் தன் பங்குக்கு மறைகோப்புகளை எழுதியிருக்கும். வீடியோ மாறியிருக்காது, ஆனால் பென்டிரைவ் முழுவதற்கும் ஹேஷ் எடுத்தால் அது மாறியிருக்கும். அதனால் பாரத்தில் உள்ள ஹேஷ் கோப்புக்கா, பென்டிரைவுக்கா என்று கேளுங்கள். பாதி சண்டை அங்கேதான் வரும்.

அண்ணே, டிவிஆரில் பதிவு போனாலும் லாக் இருக்கும். மெனுவில் பராமரிப்புப் பக்கம் பாருங்கள். யார் எப்போது பேக்கப் எடுத்தார்கள் என்று பல மாடல்களில் வரி வரியாக நிற்கும். வீடியோவை விட அது ரொம்ப நாள் தங்கும். போட்டோ எடுத்து வையுங்கள், எதையும் அமுக்கி மாற்ற வேண்டாம். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சாத்தூர்_ஸ்டோர்ஸ்

கடைக்காரர் என்ற முறையில் ஒரு வார்த்தை. இவருக்குப் பென்டிரைவோடு போயிற்று. என் கடையில் டிவிஆரையே கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் ஆகிறது, திரும்பவில்லை. புதுசு வாங்கினேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன்.

ரிட்டயர்டு_எஸ்ஐ

பார்த்தீர்களா வக்கீல் சார்? அசல் கருவியையே கோர்ட்டில் வைத்து உரிமையாளர் கூண்டேறிச் சொன்னால் சான்றிதழே வேண்டாம் என்கிறது சட்டம். நடைமுறையில் அசலைத் தூக்கினால் இப்படித்தான் ஊரே கதவைச் சாத்தும்.

கருப்புக்கோட்டு

ஒத்துக்கொள்கிறேன். தூக்க வேண்டாம். அங்கேயே வைத்து நகல் எடுங்கள், அங்கேயே ஹேஷ் எடுங்கள், கடைக்காரருக்கு ஒரு பிரதி கொடுங்கள், அவர் கையெழுத்தை அப்போதே வாங்குங்கள். ஒரு லேப்டாப்பும் கால் மணி நேரமும் போதும். இலவச மென்பொருளே இருக்கிறது. கருவி இல்லை, ஆள் இல்லை என்பது 2005இல் பேச வேண்டிய பேச்சு. இன்றைக்கு புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 105இன்படி கைப்பற்றுவதையே வீடியோ எடுக்க வேண்டும். 193இன்படி குற்றப்பத்திரிகையில் மின்னணுக் கருவி யார் யார் கையில் இருந்தது என்ற வரிசையை எழுத வேண்டும். செயின் ஆஃப் கஸ்டடி என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியது இப்போது சட்டத்திலேயே வரியாக வந்துவிட்டது.

பெயின்ட்கடை

லாக் பார்த்தேன். ஹெக்ஸ் தம்பி சொன்னது சரி. திருட்டுக்கு மறுநாள், பேக்கப், யூஎஸ்பி, காலை 10.42 என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் டிவிஆர் கடிகாரம் இன்றைக்குப் பார்த்தால் 18 நிமிடம் முந்தி ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் இன்னும் குழம்பும்.

அப்புறம் ஒன்று. பாரம் கொண்டுவந்தபோது, பென்டிரைவைக் கைப்பற்றியதற்கு எழுதிய பழைய மகஜரையும் காட்டினார்கள், நான் போனில் படம் எடுத்தேன். அதில் மாலை 4 மணிக்குக் கடையில் வைத்துக் கைப்பற்றியதாக எழுதியிருக்கிறது. 4 மணிக்கு நான் கடையிலேயே இல்லை, சரக்கு எடுக்க மதுரை போயிருந்தேன். பென்டிரைவ் என் சொந்தப் பென்டிரைவ் என்பதும் அதில் இல்லை.

கருப்புக்கோட்டு

ஐயா?

ரிட்டயர்டு_எஸ்ஐ

கொஞ்சம் பொறுங்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ரிட்டயர்டு_எஸ்ஐ

சரி. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் எடுத்தார்கள், மாலையில் ஸ்டேஷனில் உட்கார்ந்து மகஜர் எழுதினார்கள், எழுதிய நேரத்தையே போட்டுவிட்டார்கள். கடைக்காரர் காலையிலேயே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். கெட்ட எண்ணம் இருக்காது, சோம்பேறித்தனம். நானும் அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். அரிவாளைக் கைப்பற்றும்போது நேரம் முன்னே பின்னே போனால் அரிவாள் மாறிவிடாது. இதில் அப்படி இல்லை என்பது உறைக்கத்தான் செய்கிறது.

ஆனால் வக்கீல் சார், இதை வைத்துக்கொண்டு குற்றம் சாட்டப்பட்ட பையன் பைக்கை எடுக்கவில்லை என்று சொல்வீர்களா?

கருப்புக்கோட்டு

சொல்ல மாட்டேன். எடுத்தான் என்று இந்த வீடியோவை வைத்து நீங்கள் சொல்லக் கூடாது என்பேன். 18 நிமிடத்தைப் பாருங்கள். திரையில் 9.18 என்றால் உண்மையில் 9 மணி. பையன் 9 மணிக்கு ஏதாவது ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டதற்கு ஜிபே பில் வைத்திருந்தால்? அல்லது 9.18க்கு வைத்திருந்து, அதை நம்பி அவனை விட்டுவிட்டால்? தப்பான கடிகாரம் இரண்டு பக்கமும் வெட்டும். உங்களுக்கும்தான் நஷ்டம்.

ஹெக்ஸ்_எடிட்டர்

இன்றைய 18 நிமிடம் அன்றைக்கும் 18தான் இருந்தது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இன்று பார்த்தது இன்றைக்கு மட்டும். அன்றைக்குப் பதிவு எடுத்த கம்ப்யூட்டர் பையன் டிவிஆர் திரையையும் தன் செல்போன் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. நாங்கள் முதல் நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான், இரண்டு நொடி வேலை.

பெயின்ட்கடை

செல்போனில் எதையோ வீடியோ எடுத்தான். என்ன என்று கேட்கவில்லை.

ரிட்டயர்டு_எஸ்ஐ

தம்பி, அதுதான் 105இன் கீழ் எடுத்த வீடியோவாக இருக்கும். இருந்தால் நேரம் அதிலேயே நிற்கும், மகஜர் தப்பை அதுவே சரி செய்யும். அரசுத் தரப்பு வக்கீலான ஏபிபியிடம் சொல்லுங்கள். ஸ்டேஷனில் சொன்னால் காதில் விழாது.

கருப்புக்கோட்டு

இதில் ஐயாவும் நானும் ஒன்று. டைப் அடித்து வந்த பாரத்தில் கையெழுத்து வேண்டாம். தனியாக எழுதுங்கள்: கேமரா என்னுடையது, தினமும் ஓடுகிறது, இன்ன மாடல், இன்ன சீரியல் எண், இன்ன நாள் காலை என் முன்னிலையில் என் பென்டிரைவில் எடுத்தார்கள், லாக் படம் இதோ, ஹேஷ் எடுத்ததை நான் பார்க்கவில்லை. இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ஏற்பதா இல்லையா என்பது நீதிபதி பாடு.

ரிட்டயர்டு_எஸ்ஐ

ஹேஷைப் பார்க்கவில்லை என்று எழுதினால் கேஸ் போய்விடும்.

கருப்புக்கோட்டு

போகலாம்.

பெயின்ட்கடை

ஏபிபி அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வக்கீல் சார் சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, செல்போன் வீடியோ பற்றி மட்டும் குறித்துக்கொண்டார். ஸ்டேஷனில் ஏட்டு இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பென்டிரைவில் இருக்கிற கல்யாண போட்டோ எனக்குக் கிடைக்குமா? போட்டோகிராபரிடமும் இல்லை, மகள் தினமும் கேட்கிறாள்.

ஹெக்ஸ்_எடிட்டர்

யாரும் அதைத் திறந்து காப்பி எடுத்துத் தர முன்வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள் அண்ணே.

கருப்புக்கோட்டு

கோர்ட்டில் மனு போடலாம். அசல் வராது, நீதிபதி அனுமதித்தால் லேபில் வைத்து நகல் எடுத்துத் தரச் சொல்வார். மனுவை நான் எழுதித் தருகிறேன், பீஸ் வேண்டாம். ஆனால் நான் இந்த வழக்கில் எதிர்த் தரப்புக்கு ஆஜராகவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறேன், குற்ற எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.