நகர சபையில் ஜெபம்: பாதிரியாரின் முதுகு யார் பக்கம் இருந்தது?

அடிக்குறிப்பு:
பக்கத்து இழையில் ஒருவர் அடித்துவிட்டது இது: "அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2014ல் சொல்லியாச்சு. நகர சபை ஜெபம் உறுப்பினர்களுக்காகத்தான், வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்காக இல்லை. பிடிக்காதவன் எழுந்து வெளியே போகலாம்."
தீர்ப்பைத் திறந்து பார்க்காமலே எழுதியிருக்கிறார். நகர சபைக் கூட்டத்தைப் போதகரின் ஜெபத்தோடு தொடங்கலாமா என்ற கிரீஸ் நகரம் எதிர் கேலோவே வழக்கில் 5-4 கணக்கில் ஊர் ஜெயித்தது, சரி. ஆனால் "உறுப்பினர்களுக்காகத்தான்" என்ற பேச்சு வருவது நீதிபதி கென்னடி எழுதியதில் இரண்டாம் பாகத்தின் பி பிரிவில். அந்தப் பிரிவில் அவரோடு சேர்ந்தவர்கள் ராபர்ட்ஸும் அலிட்டோவும் மட்டும். ஸ்கேலியாவும் தாமஸும் மற்ற எல்லாப் பகுதியிலும் சேர்ந்தார்கள், அதில் சேரவில்லை. ஒன்பது பேரில் மூன்று பேர் சொன்னது எப்போதிலிருந்து "உச்ச நீதிமன்றம் சொன்னது" ஆனது?

நெடுஞ்சாலை:
வந்துட்டார்யா. அந்த "ஒருவர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ஊர் ஜெயிச்சுதா இல்லையா? ஜெயிச்சுது. அப்புறம் பி பிரிவு, சி பிரிவுன்னு எதுக்கு இந்த நீட்டல்?

அடிக்குறிப்பு:
எதற்காக ஜெயித்தது என்பதுதான் கேள்வி. ஐந்து பேரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஜெபத்தில் இயேசு பெயர் வரலாம், எல்லா மதத்துக்கும் பொதுவாக வழவழவென்று இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அப்படிக் கட்டளையிட்டால் அரசாங்கமே ஜெபத்தைத் திருத்தும் வேலையில் இறங்க வேண்டிவரும். ஊர் எல்லைக்கு வெளியே போய் வேறு மதத்தவரைத் தேட வேண்டியதில்லை. மற்ற மதத்தை மட்டம் தட்டுவதோ மதம் மாற்றப் பார்ப்பதோ தொடர்ந்து நடந்தால் கதை வேறு. உங்கள் வரி இதில் எங்கே இருக்கிறது?
இன்னொன்று. அங்கே போதகர் நின்றது ஊர் முத்திரை பதித்த மேசைக்குப் பின்னால். சபை உறுப்பினர்களுக்கு முதுகு, முகம் ஜனங்களைப் பார்த்து. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கேகன் இதைத்தான் பிடித்தார். எதிரே இருந்தது பத்துப் பேர் அளவுக்கு. "எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம்" என்று அந்தப் பத்துப் பேரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்காகத்தான் ஜெபித்தேன் என்றால் எப்படி?

கூழாங்கல்:
கிரேக்க நாட்டில் ஆர்த்தடாக்ஸ் சபை அரசு மதம் மாதிரிதானே? அங்கே இது சகஜம்.

அடிக்குறிப்பு:
இது நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டரை ஒட்டியிருக்கும் கிரீஸ். தயவுசெய்து முதல் பதிவையாவது படித்துவிட்டு வாருங்கள்.

கூழாங்கல்:
தெரியாமல் கேட்டால் இப்படி எரிந்து விழ வேண்டுமா? இவருக்கு எப்பவும் இதே தோரணைதான்.

சுற்றறிக்கை:
முதுகை விடுங்கள். கோளாறு ஆரம்பிப்பது ஜெபத்துக்கு ஆள் கூப்பிடும் கிளார்க் மேசையில். கிரீஸில் 1999 வரை ஒரு நிமிட மௌனம்தான் இருந்தது. அப்புறம் ஆஜர் எடுத்து, கொடி உறுதிமொழி முடிந்ததும் உள்ளூர்ப் போதகர் ஒருவரை முன்னால் கூப்பிடும் வழக்கம் வந்தது. ஜெபம் முடிந்ததும் "இந்த மாதத்து சாப்ளின்" (சபைக்காக ஜெபிக்கும் போதகர்) என்று ஒரு சின்ன நினைவுப் பலகை கொடுப்பார்கள். ஆளைப் பிடித்தது எப்படி? ஊர்க் கையேட்டில் இருந்த சபைகளுக்கு ஊழியர் ஒருவர் வரிசையாக போன் போட்டார், வருகிறேன் என்று யாராவது சொல்லும்வரை. பிறகு வரச் சம்மதித்தவர்களின் பட்டியல் ஒன்று சேர்ந்தது, அதிலிருந்தே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். யூதர் ஆலயங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இருந்ததால் பட்டியலிலேயே இல்லை. 1999 முதல் 2007 வரை வந்த அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். யாரும் சதி செய்யவில்லை, பட்டியல்தான் வேலையைச் செய்தது.
செய்ய வேண்டியது இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை பட்டியலைப் புதிதாக எடுங்கள். ஊர்க்காரர்கள் போகும் ஆலயம் எல்லைக்கு வெளியே இருந்தாலும் சேருங்கள், மதம் சாராத அமைப்பையும் சேருங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் கடிதம். முதலில் பதில் போட்டவருக்கு முதல் தேதி. ஒருவருக்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் கிடையாது. ஜெப வாசகத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்க்காதீர்கள், பார்த்தால் அதற்குப் பொறுப்பு உங்கள் தலையில். "எழுந்து நில்லுங்கள்" என்று தலைவர் வாயிலிருந்து வரவே கூடாது.

நெடுஞ்சாலை:
2007ல புகார் வந்ததும் 2008லயே ஒரு யூதரையும் பஹாயி சபைத் தலைவரையும் கூப்பிட்டாங்களே. விக்காங்கிற நவீன இயற்கை வழிபாட்டு மதத்தோட பெண் பூசாரி ஒருத்தர் தானே கேட்டு வந்தார், அவருக்கும் இடம் கொடுத்தாங்க. இதை மட்டும் வசதியா முழுங்கிட்டீங்க.

சுற்றறிக்கை:
முழுங்கவில்லை. 2009 தொடக்கத்திலிருந்து 2010 ஜூன் வரை மறுபடி எல்லோரும் கிறிஸ்தவர்கள். இதை முழுங்கியது யார்?

அடிக்குறிப்பு:
பட்டியல் கதை நல்ல கதைதான், ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. முகம் யாரைப் பார்த்து இருந்தது? சட்டமன்ற ஜெபம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1983ல் சொன்ன மார்ஷ் எதிர் சேம்பர்ஸ் வழக்கில் நெப்ராஸ்கா சட்டமன்ற சாப்ளினுக்கு மாதம் 319.75 டாலர் சம்பளம். அவர் ஜெபித்தது உறுப்பினர்களுக்காக, பொதுஜனம் தூரத்தில் பார்வையாளர் மாடத்தில். நகர சபைக்கு வருகிறவன் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஒரு மனுவோடு வருகிறான். இன்னும் பத்து நிமிடத்தில் அதே ஐந்து பேர் முன்னால் நின்று பேச வேண்டும். அவர்கள் தலை குனிந்து சிலுவைக்குறி போடும்போது இவன் எழுந்து வெளியே போவானாம்!

நெடுஞ்சாலை:
சார், உங்க "மூன்று பேர்" கணக்குக்கு இப்ப வரேன். ஸ்கேலியாவும் தாமஸும் ஏன் சேரலை தெரியுமா? கென்னடி ரொம்ப இளகிட்டார்னுதான். சட்டத்தின் பேரில், தண்டனை மிரட்டலோட வற்புறுத்தினால்தான் அது வற்புறுத்தல்னு தாமஸ் தனியா எழுதினார், அந்தப் பகுதியில ஸ்கேலியா சேர்ந்தார். மூணும் ரெண்டும் எத்தனை? வெளியே போக முடியாம உட்கார வைக்கிறதே வற்புறுத்தல்ங்கிற உங்க வாதத்தை அஞ்சு பேரும் குப்பையில போட்டாங்க. அடிக்குறிப்புன்னு பேர் வச்சுக்கிட்டு அடிக்குறிப்பைப் படிக்கலையே.

அடிக்குறிப்பு:
படித்ததால்தான் சொல்கிறேன். அந்த இரண்டு பேரும் "உறுப்பினர்களுக்காகத்தான்" என்ற வரியில் சேரவில்லை. நீங்கள் எழுதியது அந்த வரி. வற்புறுத்தல் கணக்கு வேறு. ஆட்டைக் காட்டி மாட்டை விற்காதீர்கள். மூன்று பேர். மறுபடியும் சொல்கிறேன், மூன்று.

கூழாங்கல்:
கனடாவில் சாகுனே நகர வழக்கில் 2015ல் அங்கத்து உச்ச நீதிமன்றம் ஏகமனதாக ஜெபத்தை நிறுத்தச் சொல்லி 30,000 டாலர் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அங்கே ஜெபமே சுமார் இருபது விநாடிதான். பிடிக்காதவர் உள்ளே வரட்டும் என்று ஜெபத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு நிமிட இடைவெளி வேறு விட்டிருந்தார்கள். அந்த இடைவெளிதான் வெளியே நிற்பவரை ஊருக்கே காட்டிக்கொடுத்தது.

நெடுஞ்சாலை:
முதல்ல கிரேக்கம், இப்ப கனடா. அடுத்து எந்த நாடு?

கூழாங்கல்:
மைதானத்தில் ஜெபித்த பிரெமர்டன் பள்ளிப் பயிற்சியாளர் வழக்கு இழையில் ஆதாரம் கேட்டதும் ஓடினவர் எனக்கு நாட்டுக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

நெடுஞ்சாலை:
ஓடலை. அந்த வழக்கும் 2022ல 6-3ன்னு எங்க பக்கம்தான் வந்துது, பேச எதுவும் மிச்சமில்லை.

சுற்றறிக்கை:
மறுபடி கிளார்க் மேசை. ஜார்ஜியாவில் காப் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) வழக்கில் துணை கிளார்க் தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களை வைத்துக்கொண்டு இஸ்லாமியர், யெகோவா சாட்சிகள், யூதர், மார்மன் தலைப்புகளின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தார். திட்டக் குழுவின் 2003-04 நடைமுறை அந்தப் பேனாக் கோட்டில்தான் தோற்றது. ஃப்ளோரிடாவின் பிரிவார்டு கவுன்ட்டியில் கமிஷனர்களே, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்ட்டி சபை உறுப்பினர்களே, முறைவைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். நாத்திகர்கள் கேட்டபோது "பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள்" என்றார்கள். 2019ல் மேல்முறையீட்டில் அதுவும் போனது. ஆளைப் பொறுக்கும் அதிகாரம் அரசியல்வாதி கையில் இருந்தால் இப்படித்தான்.

நெடுஞ்சாலை:
வட கரோலினா ரோவன் கவுன்ட்டியில கமிஷனர்களே ஜெபிச்சாங்க, அதுவும் தோத்துது, ஒத்துக்கிறேன். ஆனா மிச்சிகன் ஜாக்சன் கவுன்ட்டியில அதேதான் நடந்துது, அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்துல 9-6ன்னு கவுன்ட்டி ஜெயிச்சுது. ரெண்டும் 2017. இதுக்கு என்ன சொல்றீங்க?

அடிக்குறிப்பு:
ஜாக்சனை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. அங்கே ஆட்சேபம் சொன்னவர் பேசும்போது கமிஷனர் ஒருவர் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கிரீஸில் போதகர் முதுகு சபைக்கு, ஜாக்சனில் கமிஷனர் முதுகு குடிமகனுக்கு. இரண்டையும் பார்த்த பிறகும் "ஜனங்களுக்காக இல்லை" என்றால் யாருக்காக?

நெடுஞ்சாலை:
முதுகு முதுகுன்னு எத்தனை தடவை சார்! கேகனே ஜெபம் வேண்டாம்னு சொல்லலை. பல மதத்தவரை மாத்தி மாத்திக் கூப்பிட்டாலோ, எல்லாரையும் சேர்த்துப் பேசச் சொன்னாலோ போதும்னுதான் எழுதினார். உங்க ஆளே உங்க கூட இல்லை.

அடிக்குறிப்பு:
ஜெபம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள். காட்ட முடியாது. நான் சொன்னது மூன்று பேர் என்று. சொன்னது தப்பு என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

சுற்றறிக்கை:
மேசையைத் திருப்பிப் போட்டு, போதகரைச் சபையைப் பார்த்து நிற்க வைத்தால் இந்த இழையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அடிக்குறிப்பு:
அப்போதும் அந்த வரியில் கையெழுத்து மூன்று பேர்தான்.

நெடுஞ்சாலை:
அஞ்சு.

கூழாங்கல்:
நான் கனடா தீர்ப்பைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அடிக்குறிப்பு அங்கே வர வேண்டாம்.