புதிதாக எதையாவது தொடங்கும்போது ரூன் கல் (பழைய வட ஐரோப்பிய எழுத்து ஒன்றைப் பொறித்த, குறி பார்க்கும் கல்) எடுத்துப் பார்த்தீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கடலோரக்காகம்

வேலையை விட்டுவிட்டுத் தெகிவளையில் ஒரு சிறிய தையல் கடை போட எல்லாம் பேசி முடித்திருந்தேன். ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தியின் மகள் தன் ரூன் பையை எடுத்து வந்தாள். வழக்கமான மூன்று கல் முறைதான்: கடந்த காலத்துக்கு ஒன்று, நிகழ்காலத்துக்கு ஒன்று, வருங்காலத்துக்கு ஒன்று. முதலாவது ஹாகலாஸ், ஆலங்கட்டி மழை. கடந்த காலத்துக்கு அது சரி. 2022-இன் பொருளாதாரச் சரிவை எல்லோரும்தானே கடந்து வந்தோம். இரண்டாவது நவுதிஸ், நெருக்கடி. அதுவும் தெரிந்த கதை. மூன்றாவதைத் திருப்பினேன், ஒன்றும் இல்லை. மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன், அங்கும் இல்லை. தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் சோபாவின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "இது ஒடினின் கல் அக்கா, பழைய வடநாட்டுக் கடவுளின் கல். இனி எதுவும் உங்கள் கையில் இல்லை" என்றாள்.

குசினியிலிருந்து அம்மா "என்ன வந்தது?" என்று கேட்டார். "ஒன்றும் வரவில்லை" என்றேன். "அப்படியென்றால் இன்னொன்றை எடு பிள்ளை" என்றார், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே. நான் எடுக்கவில்லை. கடை இப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் வாடகை கொடுக்கும்போது அந்த வெறுங்கல் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. வேறு யாருக்காவது அது வந்திருக்கிறதா?

மூன்றாம்_மாடி

காகம் அக்கா, வெறுங்கல் என்று ஒரு ரூனே கிடையாது. பழைய ஃபுதார்க் எனப்படும் ரூன் எழுத்து வரிசையில் 24 எழுத்துகள், எட்டெட்டாக மூன்று குழுக்கள். சுவீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்த கில்வர் கல்லில், கி.பி. 400 அளவிலேயே, அந்த வரிசையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் வெறுங்கல்லைப் பரப்பியது ரால்ஃப் புளும் என்ற அமெரிக்கர் 1982-இல் வெளியிட்ட புத்தகம். நம்மில் பலரைவிட வயதில் இளைய கல் அது. அதற்குப் போய் வாடகை நாளில் பயப்படுவதா? தங்கச்சியின் பையிலிருந்து அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் கதை சிறியது. நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் ரைதோ, பயணத்தின் எழுத்து, தலைகீழாக வந்தது. பயணத்தில் தடங்கல் என்றார்கள். மறுநாள் 100-ஆம் இலக்க பஸ் பம்பலப்பிட்டியில் பழுதாகி நின்றது. காலி வீதியில் சட்டை நனைய நடந்து போனேன். வேலை கிடைத்தது. தடங்கல் என்று அதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கொட்டாஞ்சேனைப்_பெரியவர்

நம்மிடம் இல்லாத சாமானா? பூக்கட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு வடதுருவத்துக் கல்லை உருட்டுகிறீர்கள். என் மகளின் சம்பந்தத்துக்கு அம்மன் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தோம். எடுக்க வந்த சின்னப் பிள்ளை இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடிவிட்டது! ஐயர் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டாரும் சிரிக்கவில்லை.

அது கிடக்கட்டும். காகம் பிள்ளை, கடைக் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதினீர்களா, வெறும் கடதாசியிலா? முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? முன்பு இருந்தவர் மின்கட்டண நிலுவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று பாருங்கள், பிறகு அது உங்கள் தலையில் விழும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் கூரையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். துணி நனைந்தால் வாடிக்கையாளர் ஒடினிடம் கேட்கமாட்டார், உங்களிடம்தான் கேட்பார். தையல் இயந்திரம் தவணையில் எடுத்ததென்றால் அதற்கும் ஒரு கதை சொல்வேன், பிறகு வருகிறேன்.

மல்லிகைப்பந்தல்

கணவர் போய் அந்தியேட்டி முடிந்த கையோடு வெள்ளவத்தை வீட்டை விற்கச் சொல்லி அண்ணாமார் நின்றார்கள். வாங்க ஆள் தயார், பத்திரம் எழுதுவது ஒன்றுதான் பாக்கி. அன்றிரவு ஒரேயொரு கல் எடுத்தேன். ஈசா, உறைபனி. நேராக ஒரு கோடு மட்டும். எந்தப் பக்கம் பிடித்தாலும் அதே கோடு, தலைகீழ் என்பதே அதற்குக் கிடையாது. ஏப்ரல் மாத வெக்கை, மின்விசிறி சுற்றியும் முதுகு வியர்க்கிறது, கையில் பனிக்கட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் போனபிறகு முதன்முதலாக. காலையில் அண்ணாவிடம் "ஒரு வருடம் பொறுங்கள், பிறகு சொல்கிறேன்" என்றேன். அவர் போனை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம்_மாடி

அக்கா, மனம் நோகாமல் கேளுங்கள். ரைதோ வந்திருந்தால் "கிளம்பு" என்று படித்து வீட்டை விற்றிருப்பீர்கள். எது வந்தாலும் நமக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்கிறோம்.

மல்லிகைப்பந்தல்

விற்றிருக்கமாட்டேன், தம்பி. கல்லைத் தொடுவதற்கு முன் கேள்வியைப் பேனாவால் எழுதிவிடுவது என் பழக்கம். அன்று நான் எழுதியது "வீட்டை விற்கலாமா?" என்று அல்ல, "அண்ணாவிடம் எப்படிச் சொல்வது?" என்று. விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது, பைக்குள் கைவிடும்போதே எனக்குத் தெரியும். கல் வந்தபிறகு கேள்வி கேட்டால்தான் நீங்கள் சொல்லும் வளைப்பெல்லாம் நடக்கும்.

முகத்துவாரம்

இங்கே எல்லோரும் கடையில் வாங்கிய கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொய்யாக் கிளையை வெட்டிச் சில்லுச் சில்லாக அறுத்து நானே கீறினேன். அந்த எழுத்துகளில் படுக்கைக் கோடு ஏன் இல்லை என்று கத்தியைப் பிடித்தபோது புரிந்தது: நாரின் போக்கிலேயே கீறினால் கோடு மரத்தோடு மறைந்துவிடுகிறது, சில்லும் பிளக்கிறது. ரோமாபுரி வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் கி.பி. 98 அளவில் ஜெர்மானியரைப் பற்றி எழுதியபடியே செய்தேன். பழமரத்துக் கிளை, வெள்ளைத் துணி, வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்று எடுப்பது. (அவர் "சில அடையாளங்கள்" என்றுதான் எழுதினார், ரூன் என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடித் தம்பி வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். சொந்தமாக முச்சக்கரவண்டி எடுப்பதா என்பது கேள்வி. மொட்டைமாடியில் என் வேட்டியை விரித்து, தலையை நிமிர்த்தி, கையால் தடவி எடுத்தேன். முதல் சில்லே ஃபெகு, வரிசையின் முதல் எழுத்து. மாடு, செல்வம். உடம்பெல்லாம் புல்லரித்தது. துணி எடுக்க மேலே வந்த மனைவியிடம் சொன்னேன்.

"மாடா? இந்த வீட்டில் எங்கே கட்டுவது? முதலில் அந்த வேட்டியை எடுங்கள், நாளைக்குக் கோயிலுக்குக் கட்ட வேண்டும்."